நீர், நிழல், ஓய்வு: சிறுநீரகம் காக்கும் பழக்கங்களும் ஊருக்கு நாம் ஆற்றும் கடனும்

மரக்காணம் உப்பளங்களில் மழைக்காலம் முடிந்ததும் பாத்திகள் சீரமைக்கப்படுகின்றன. அடுத்த வடகிழக்குப் பருவமழை வந்து சேரும் வரை உப்பு வாரும் பணி தொடர்கிறது. உப்பு நன்கு விளைய வேண்டுமானால் வெயில் கடுமையாக இருத்தல் வேண்டும். எனவே உப்புக்கு எது நல்ல நாளோ, அதுவே உழைப்பவரின் உடலுக்குக் கடினமான நாளாகிறது. தரையில் படியும் வெண்ணிற உப்பு வெயிலைத் திருப்பி வீசுவதால், மேலிருந்தும் கீழிருந்தும் ஒருசேர வெப்பம் தாக்குகிறது. கடற்கரைக் காற்றின் ஈரப்பதம் வியர்வையை எளிதில் உலரவிடுவதில்லை.

இத்தகைய வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் உழைப்போரின் சிறுநீரகங்கள் எவ்வாறு பாதிக்கப்படுகின்றன, அவற்றைக் காக்கும் அன்றாடப் பழக்கங்கள் எவை என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம். உப்பளத் தொழிலாளர்களுக்கு மட்டுமன்றி, மீன்பிடித்தல், வயல் வேலை, கட்டட வேலை ஆகியவற்றில் ஈடுபடுவோருக்கும் இவை பொருந்தும். இப்பழக்கங்களுள் எதுவும் கடினமானதன்று, பெருஞ்செலவு பிடிப்பதுமன்று. எனினும் தனி ஒருவர் தமக்கு மட்டும் இவற்றைக் கடைப்பிடிக்க முயலும்போது சில நாள்களிலேயே அவை கைவிடப்படுகின்றன. உடன் உழைப்போர் அனைவரும் சேர்ந்து மேற்கொள்ளும்போதுதான் நிலைத்து நிற்கின்றன. ஆகவே தம் உடலைப் பேணுதலும் ஊருக்குத் தொண்டு செய்தலும் இவ்விடத்தில் வெவ்வேறு செயல்கள் அல்ல.

வெப்பம் சிறுநீரகத்தை எவ்வாறு தாக்குகிறது?

நம் சிறுநீரகங்கள் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. இவை நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, அதில் பெரும்பகுதியை மீண்டும் இரத்தத்திற்கே அனுப்பிவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவையே சிறுநீராக வெளியேற்றுகின்றன. இப்பணி தடையின்றி நடைபெற, இதயம் செலுத்தும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்ல வேண்டும்.

கடும் வெயிலில் உழைக்கும்போது உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் பொருட்டு இரத்தத்தைத் தோலின் பக்கம் திருப்புகிறது. தசைகளுக்கும் கூடுதல் இரத்தம் தேவைப்படுகிறது. வியர்வையாக நீர் வெளியேறுவதால் இரத்தத்தின் அளவும் குறைகிறது. இம்மூன்றும் ஒருங்கே நிகழும்போது சிறுநீரகங்களுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து, அவை வாடுகின்றன. ஒரு நாள் இவ்வாறு நேர்ந்தால், போதிய நீரும் ஓய்வும் கிடைத்தவுடன் பெரும்பாலும் சரியாகிவிடும். நாள்தோறும், பருவந்தோறும் இது திரும்பத் திரும்ப நிகழ்ந்தால் நுண்வடிகட்டிகளில் வடு விழுகிறது. வடு விழுந்த வடிகட்டி மீண்டும் பணி செய்வதில்லை.

உப்பு வணிகம் செய்த உமணர்கள், வழியில் வண்டியின் அச்சு முறிந்தால் உதவும் என்று மாற்று அச்சு ஒன்றையும் உடன் கொண்டுசென்றனர் எனச் சங்க இலக்கியத்தால் அறிகிறோம். சிறுநீரகத்தையும் சிலர் அவ்வாறே கருதுகின்றனர். ஒன்று பழுதுபட்டாலும் மற்றொன்று இருக்கிறது என்கின்றனர். ஒரு சிறுநீரகத்தைத் தானம் செய்தவர் நலமாக வாழ்வது உண்மைதான். ஆனால் வெப்பமும் நீரிழப்பும் இரண்டு சிறுநீரகங்களையும் ஒரே நேரத்தில் தாக்குகின்றன. இங்கு மாற்று அச்சு என்பது இல்லை.

இந்நோயின் மற்றோர் இடர், அது வலியின்றி வளர்வதாகும். செயல்திறன் பாதிக்குமேல் குறைந்த பின்னரும் பலருக்கு அறிகுறி எதுவும் தோன்றுவதில்லை. கால் வீக்கம், மூச்சுத்திணறல், பசியின்மை, இடைவிடாத களைப்பு ஆகியவற்றுடன் மருத்துவமனையை நாடும்போது காலம் கடந்திருக்கக்கூடும். உடலில் வலியில்லை என்பதனால் சிறுநீரகம் நலமாக உள்ளது எனக் கொள்ளலாகாது.

ஆய்வுகள் கூறுவது

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த முனைவர் வித்யா வேணுகோபால் தலைமையிலான குழுவினர், தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்து 2023-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர், பாதுகாப்பான வரம்பைக் கடந்த வெப்பத்தில் பணிபுரிந்தனர். ஏறக்குறைய 7 விழுக்காட்டினரிடம் சிறுநீரகச் செயல்திறன் குறைந்திருந்தது. நூறு பேர் பணிபுரியும் இடத்தில் ஏழு பேர் என்பது சிறிய எண்ணிக்கையன்று. அவ்வேழு பேருள் தாமும் ஒருவரா என்பதைப் பரிசோதனையின்றி எவராலும் அறிய இயலாது.

இது நம் கடற்கரைக்கு மட்டும் உரிய சிக்கலன்று. நடு அமெரிக்க நாடுகளான நிகரகுவாவிலும் எல் சால்வடோரிலும் கரும்பு வெட்டும் இளைஞர்கள் பலர், சர்க்கரை நோயோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத நிலையிலும் சிறுநீரகச் செயலிழப்பால் உயிரிழந்தனர். அங்கு மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகள், வெப்பத்தில் ஓய்வின்றி உழைப்பதை முதன்மையான காரணங்களுள் ஒன்றாகச் சுட்டுகின்றன. நிகரகுவாவின் சர்க்கரை ஆலை ஒன்றில் நீர், நிழல், ஓய்வு ஆகிய மூன்றையும் வேலை நேர ஒழுங்கின் பகுதியாகவே அமைத்தனர். ஓய்வு நேரத்தைக் கூட்டினர். அதன்பின் கரும்பு வெட்டுவோரிடையே சிறுநீரகப் பாதிப்பு கணிசமாகக் குறைந்தது. அங்கு ஓய்வு ஒவ்வொருவரின் விருப்பத்திற்கு விடப்படவில்லை. குறித்த நேரத்தில் அனைவரும் ஒன்றாக நிறுத்தினர். இவ்வேறுபாடே நாம் மனங்கொள்ள வேண்டியது.

அன்றாடம் கைக்கொள்ள வேண்டியவை

1. வேலைக்குப் புறப்படுமுன் நீர்: விடியுமுன் பணிக்குச் செல்வோர் பலர் ஒரு தேநீரோடு புறப்பட்டுவிடுகின்றனர். இரண்டு குவளை நீரேனும் அருந்திவிட்டுச் செல்லுங்கள். நீராகாரம் மிக நன்று.

2. தாகம் எடுக்குமுன் நீர்: வெயிலில் உழைக்கும்போது 20 நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு குவளை, அதாவது ஏறத்தாழ 240 மி.லி. நீர் அருந்த வேண்டும். தாகம் தோன்றும்போது உடல் ஏற்கெனவே நீரை இழந்துவிட்டது. ஒரே நேரத்தில் பெருமளவு குடிப்பதைவிடச் சிறிது சிறிதாக அடிக்கடி குடிப்பதே நன்று. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிப்பதும் தகாது.

3. சிறுநீரின் நிறத்தை நோக்குங்கள்: வெளிர் மஞ்சள் நிறமாயின் நீர் போதுமானது. அடர் மஞ்சளாயின் குறைவு. தேநீர் நிறத்திலோ சிவப்பாகவோ இருந்தால் அன்றே மருத்துவரை அணுகுங்கள்.

4. நிழலில் ஓய்வு: மணிக்கு ஒருமுறை சில நிமிடங்களேனும் நிழலில் அமருங்கள். நண்பகல் வெயிலுக்குமுன் கடும் பணிகளை முடித்துவிடுங்கள். கீற்றுப் பந்தலோ தார்ப்பாய் நிழலோ பாத்திக்கு அருகிலேயே இருந்தால்தான் ஓய்வு எடுக்க மனம் வரும்.

5. பருவத் தொடக்கத்தில் படிப்படியாக: பல மாத இடைவெளிக்குப்பின் திரும்புவோரும் புதிதாகச் சேர்வோரும் முதல் நாளே முழு வேலை செய்தலாகாது. உடல் வெப்பத்திற்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். புதியவர் முதல் நாளில் ஐந்தில் ஒரு பங்கு வேலையில் தொடங்கி, நாள்தோறும் சிறிது கூட்டுவது பாதுகாப்பானது.

6. வலி மாத்திரைகளைத் தவிர்த்தல்: நாள் முழுதும் குனிந்து உப்பு வாருவோருக்கு இடுப்பு வலியும் மூட்டு வலியும் இயல்பு. ஆனால் டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற மாத்திரைகள், சிறுநீரக இரத்தக் குழாய்களை விரிந்த நிலையில் வைக்கும் வேதிப்பொருளைத் தடுக்கின்றன. ஏற்கெனவே நீரிழந்து வாடும் சிறுநீரகத்திற்கு இது இரட்டை அடியாகும். மருந்துக் கடையில் ஊசியோ மாத்திரையோ தாமாகவே கேட்டு வாங்காதீர்கள். வலிக்கான தக்க மருந்தை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

7. உடை, கண், பாதம்: முழுக்கை பருத்திச் சட்டை, தலைக்குத் துண்டு அல்லது தொப்பி, கூச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி, முழங்கால் வரை நீளும் ரப்பர் காலணி ஆகியவை உதவும். வேலை முடிந்ததும் பாதங்களை நன்னீரில் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவுங்கள். சர்க்கரை நோயுள்ளவர்கள் ஒவ்வோர் இரவும் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பார்த்தல் வேண்டும். உப்பு வெட்டிய சிறு பிளவும் ஆறாத புண்ணாகக்கூடும்.

8. ஆறு மாதத்திற்கு ஒருமுறை பரிசோதனை: இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியாட்டினின் ஆகிய நான்கும் போதும். பருவத்தின் தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் செய்துகொண்டால் வெயில் காலம் சிறுநீரகத்தில் ஏற்படுத்திய மாற்றம் புலப்படும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: டயாலிசிஸ் சிகிச்சை பெறுவோர், இதயச் செயலிழப்பு உள்ளோர், சிறுநீரின் அளவு குறைந்தோர் ஆகியோருக்கு மேற்கூறிய நீரின் அளவு பொருந்தாது. அவர்கள் மருத்துவர் குறித்துக் கொடுத்த அளவையே பின்பற்ற வேண்டும். இரத்த அழுத்தத்திற்கோ சிறுநீர் பெருக்கியாகவோ மாத்திரை உட்கொள்வோர், வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு நேரும் நாளில் மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும்; தாமாகவே மருந்தை நிறுத்தலாகாது.

உப்பு குறித்த இரு ஐயங்கள்

வியர்வையில் உப்பு வெளியேறுவதால் உணவில் கூடுதலாக உப்புச் சேர்க்க வேண்டுமா என்று பலர் வினவுகின்றனர். பெரும்பாலோருக்கு வழக்கமான உணவிலேயே போதிய உப்பு உள்ளது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றால் நம் உணவில் இவ்வளவு எளிதில் மிஞ்சிவிடுகிறது. பல மணி நேரம் மிகுதியாக வியர்க்கும் நாள்களில் நீர்மோரோ, உப்புச் சர்க்கரைக் கரைசலோ இடையிடையே அருந்தலாம். உயர் இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே அருந்த வேண்டும்.

மற்றோர் ஐயம், பாத்தியிலிருந்து நேரே எடுத்துவரும் உப்பைச் சமையலுக்குப் பயன்படுத்தலாமா என்பது. அவ்வுப்பில் அயோடின் சேர்க்கப்படுவதில்லை. கருவுற்ற பெண்களுக்கு அயோடின் குறைந்தால் கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். இதன் பொருட்டே உணவுக்கென அயோடின் கலவாத உப்பை விற்பது இந்தியாவில் 2006 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. ஊருக்கெல்லாம் உப்பு விளைவிக்கும் வீட்டில் அயோடின் குறைபாடு நேரலாகாது.

தனித்து ஏன் நிலைப்பதில்லை?

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 20 நிமிடத்திற்கு ஒரு குவளை எனில், ஆறு மணி நேர வேலைக்கு ஒருவருக்கு நான்கு லிட்டருக்குமேல் நீர் வேண்டும். வீட்டிலிருந்து ஒரு லிட்டர் புட்டியில் கொண்டுசெல்லும் நீர் முதல் ஒன்றரை மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். உப்பளத்தின் நடுவே குடிநீர் கிடையாது. ஆகவே நீர் அருந்தும் பழக்கத்தை உறுதியாக மேற்கொண்டவரும் அதற்குமேல் வறண்ட நாவுடன்தான் உழைக்கிறார். இருபது பேர் கொண்ட ஒரு குழுவுக்கு 20 லிட்டர் கேன்கள் நான்கைந்து தேவை. இருபது பேரும் பகிர்ந்துகொண்டால் செலவு சிறிது. முறைவைத்து நாளுக்கு இருவர் பொறுப்பேற்றால் சுமையும் சிறிது. ஒருவரால் இயலாதது இருபது பேருக்கு எளிதாகிறது.

ஓய்வும் இவ்வாறே. அனைவரும் வாரிக்கொண்டிருக்கும்போது ஒருவர் மட்டும் நிழலில் அமர்ந்தால் அவரைச் சோம்பேறி என்பர். கூலி குறையுமோ என்ற அச்சமும் அவருக்கு எழும். குழுவில் மூத்தவர் ஒருவர் குறித்த நேரத்தில் குரல் கொடுத்து அனைவரையும் அழைத்தால் எவருக்கும் தயக்கம் இராது.

பெண்களின் நிலையைத் தனியே குறிப்பிட வேண்டும். உப்பளத்தில் கழிவறை இல்லாமையால் வேலை முடியும் வரை நீரே அருந்தாமல் இருக்கும் பெண்கள் பலர். சிறுநீரை அடக்குவதும் நீரைத் தவிர்ப்பதும் சிறுநீர்த் தொற்றுக்கும் சிறுநீரகக் கற்களுக்கும் வழிவகுக்கின்றன. இவர்களிடம் நீர் அருந்துங்கள் என்று அறிவுரை கூறுவது மட்டும் போதாது. கழிவறை வேண்டும் என்று ஊர் முழுவதும் சேர்ந்து கேட்க வேண்டும். ஊராட்சிகளில் குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் 1 உள்ளாட்சி நாள் என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. பேரூராட்சியில் வசிப்போர் தம் வார்டு உறுப்பினரிடம் முறையிடலாம். 2024-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துள்ளது. ஆகவே குடிநீர், நிழற்பந்தல், கழிவறை ஆகியவற்றைக் கோருவது சலுகை வேண்டுவதாகாது. உயிர்காப்பு ஏற்பாட்டைக் கேட்பதாகும்.

உடன் பணிபுரிபவர் மயங்கினால்

தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு தோன்றினால் உடனே வேலையை நிறுத்தி நிழலில் அமர்த்தி நீர் கொடுங்கள். பேச்சுக் குழறினாலோ, மனம் தடுமாறினாலோ, நினைவிழந்தாலோ, அது உயிருக்கு ஊறு விளைக்கும் வெப்ப வாதமாக இருக்கலாம். 108 எண்ணை அழையுங்கள். நிழலுக்குக் கொண்டுசென்று, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீரூற்றி விசிறுங்கள். அக்குள், கழுத்து, தொடை இடுக்கு ஆகிய இடங்களில் ஈரத்துணியை வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் நீர் ஊற்றாதீர்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர்வித்தலை நிறுத்தாதீர்கள். இங்கும் அருகிலிருப்பவரே உயிரைக் காப்பவர். தமக்கு மனம் தடுமாறுவதை நோயாளி தாமே உணர்வதில்லை.

கற்றதை ஊருக்குத் தருதல்

சிறுநீரக நோய்த் தடுப்பில் தமிழ்நாடு உலகிற்கு ஒரு வழியைக் காட்டியுள்ளது. சென்னையின் முதுபெரும் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளையின் வாயிலாக, திருப்பெரும்புதூரை அடுத்த சிற்றூர்களில் ஏறத்தாழ 25,000 மக்களிடையே ஒரு திட்டத்தை நடத்தினார். அதில் வீடு வீடாகச் சென்றவர்கள் மருத்துவர்கள் அல்லர். பள்ளிக் கல்வி முடித்துப் பயிற்சி பெற்ற பெண்கள். அவர்கள் இரத்த அழுத்தத்தை அளந்தனர். எளிய வேதிக் கரைசல்களைக் கொண்டு சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் உள்ளனவா எனப் பார்த்தனர். குறை கண்டறியப்பட்டோரை மருத்துவர்கள் பரிசோதித்து, விலை குறைந்த மருந்துகளை அளித்தனர். ஒருவருக்கு ஓர் ஆண்டுக்கான செலவு மிகச் சிறியதாகவே இருந்தது. இதன் விவரங்கள் 2003-இல் பன்னாட்டுச் சிறுநீரக மருத்துவ இதழில் வெளியாயின. நோய் வந்தபின் செய்யும் டயாலிசிஸ் சிகிச்சைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் மகளிர் தன்னார்வலர்களே வீடுதோறும் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதித்து, தொடர் மருந்துகளை வழங்கி வருகின்றனர். இத்திட்டம் 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதைப் பெற்றது. ஊர்ப் பெண்கள் தம் ஊரைக் காக்க இயலும் என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

எங்களிடம் சிகிச்சை பெறுவோரும் அவர்தம் குடும்பத்தினரும் இவ்வரிசையில் சேர இயலும். வேண்டுவது பெரிய பயிற்சியன்று. பரிசோதனைக்குச் செல்லும்போது, ஒருபோதும் பரிசோதித்துக்கொள்ளாத அண்டை வீட்டார் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். தன்னார்வலர் தெருவுக்கு வரும் நாளை, வேலைக்குச் சென்றிருப்போருக்குத் தெரிவியுங்கள். புதிதாக வேலைக்கு வந்த இளைஞரை முதல் வாரம் கண்காணியுங்கள். வேலையின் நடுவே அருகிலிருப்பவரிடம், "அக்கா, தண்ணீர் குடித்தீர்களா?" என்று கேளுங்கள். மகளிர் குழுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, வலி மாத்திரையின் தீங்கை எடுத்துரையுங்கள்.

டயாலிசிஸ் சிகிச்சையில் உள்ளவர்களிடம் தனியே ஒரு வேண்டுகோள். உங்கள் சொல்லுக்கு எங்கள் அறிவுரையைவிட வலிமை மிகுதி. வெயிலில் நீரின்றி உழைத்த ஆண்டுகளையும் கடையில் வாங்கி விழுங்கிய மாத்திரைகளையும் பற்றி நீங்கள் சொன்னால், தெருவிலுள்ள இளைஞர்கள் செவிசாய்ப்பார்கள். நோயை மறைத்து வாழ்வதில் வெட்கம் தணிவதில்லை. பிறரைக் காக்கும் அறிவாக அதனை மாற்றுவதில் மனம் சற்றே இலேசாகிறது என்பதை எங்கள் நோயாளிகள் பலரிடம் கண்டுள்ளோம்.

பிறருக்கு நினைவூட்டுபவர் தாமும் மறப்பதில்லை. கேனைச் சுமந்து வருபவர் நீர் அருந்தாமல் இருப்பதில்லை. அடுத்தவரைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்பவர் தம் முறையைத் தவறவிடுவதில்லை. வரும் பருவத்தில் பாத்தியில் இறங்குமுன் உங்கள் குழுவினர் ஒன்றுகூடி மூன்றை முடிவு செய்யுங்கள்: நீர் கொண்டுவருவோர் யார், நிழற்பந்தல் எங்கே, ஓய்வுக்குக் குரல் கொடுப்பவர் யார். அம்முடிவோடு, பருவத்தின் முதல் பரிசோதனைக்கு அனைவரும் ஒரே நாளில் வாருங்கள். உங்களை எதிர்பார்த்திருக்கிறோம்.